பொறுத்திருங்கள் என்று சொன்னது போதும்

லண்டனின் டூட்டிங்கில், மிச்சம் வீதியில் ஒரு கடையின் மேல்மாடி வீடு. குசினிச் சுவரில், பலசரக்குக் கடைக்காரர் தைப்பொங்கலுக்குக் கொடுத்த, முருகன் படம் போட்ட மாத நாட்காட்டி தொங்குகிறது. அதில் திங்கட்கிழமைதோறும் பேனாவால் ஒரு கோடு. ஆறாவது கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். இருபதாவது கோட்டைச் சுற்றி இரண்டு வட்டம். அதற்குப் பிறகும் கோடுகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

கோடு போடுபவர் நான்கு வயதுப் பெண்பிள்ளை ஒன்றின் தாய். பிள்ளைக்கு ரெட் சிண்ட்ரோம் என்ற அரிய நரம்பியல் வளர்ச்சிக் குறைபாடு. பிள்ளையின் கல்வித் தேவைகளை மதிப்பிடும்படி கவுன்சிலுக்குக் கடிதம் போன நாளிலிருந்து அவர் கணக்கு வைத்திருக்கிறார். 6 வாரத்துக்குள் மதிப்பீடு செய்வதா இல்லையா என்று கவுன்சில் பதில் சொல்ல வேண்டும். 20 வாரத்துக்குள் இறுதித் திட்டம் பெற்றோர் கையில் இருக்க வேண்டும். தாயின் ஆசையில் பிறந்த கணக்கல்ல இது. இந்த நாட்டின் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் வகுத்த கணக்கு.

அந்த வீட்டுக்கு நாம் போனபோது 29ஆவது கோடு விழுந்திருந்தது.

இந்தத் தலையங்கம் அனுதாபம் தேடி எழுதப்படவில்லை. அரிய நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு அனுதாபம் நிறையவே கிடைக்கிறது. அவர்களுக்குக் கிடைக்காதது உரிய நேரத்தில் உரிய உதவி. அதைத் தடுப்பவர்களைக் கண்டிக்கவும், தவறைத் திருத்தச் சொல்லவுமே இதை எழுதுகிறோம். கண்டனத்துக்கு உரியவர்களில் நமது சமூகமும் அடங்கும். அதையும் ஒளிக்காமல் சொல்வோம்.

தமிழ் மீது போட்ட பழி

அந்தப் பிள்ளை பதினான்கு மாதத்தில் ‘அம்மா’ என்றாள், ‘லைட்’ என்றாள், ‘மாமா’ என்றாள். பிஸ்கட்டைத் தானே பிடித்துக் கடித்தாள். பதினெட்டு மாதம் ஆகும்போது சொற்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. பிஸ்கட் கையில் நிற்கவில்லை. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து பிசையத் தொடங்கினாள். “பிள்ளை தண்ணியில்லாமல் கை கழுவிக்கொண்டே இருக்குது” என்று தாய் போய்ச் சொன்னார்.

அவருக்குக் கிடைத்த பதில்: வீட்டில் இரண்டு மொழி, அதனால்தான் பேச்சுப் பிந்துகிறது. இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள். ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள்.

பதில் சொன்னவர் யார், எந்த இடம் என்பதை நாம் எழுதப்போவதில்லை. ஒருவரின் பெயரை எழுதிவிட்டால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். இதே வாசகத்தைக் கேட்ட தமிழ்ப் பெற்றோர் ஒருவர் இருவரல்ல என்பது இந்தச் சமூகத்தோடு பழகும் எவருக்கும் தெரியும்.

அதன் பிறகு நடந்ததைத் தாயே சொன்னார்: “இங்கிலிஷ் மட்டும் கதைக்கட்டாம். எனக்குத் தெரிஞ்ச இங்கிலிஷில நான் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லுறது? கம், ஈட், ஸ்லீப். அவ்வளவுதான் வருது. ஆறு மாசம் நான் என்ர பிள்ளையோட ஒழுங்கா வாய் திறக்கேல்லை.”

சொற்களை இழந்துகொண்டிருக்கும் ஒரு பிள்ளை. அவளோடு ஓயாமல் பேசவேண்டிய ஒரே மனுசியின் வாயைக் கட்டிப்போட்டது ஓர் ஆலோசனை. இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளை எப்போது பேசத் தொடங்குகிறது என்பது ஒரு கேள்வி. பேசிய பிள்ளை பேச்சை ஏன் இழந்தது என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதலாவதற்குரிய விடையை இரண்டாவதற்குச் சொல்வது மருத்துவப் பிழை. வந்த சொல்லை எந்த மொழியும் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சென்னையிலும் பெங்களூரிலும் இலட்சக்கணக்கான பிள்ளைகள் இரண்டு மூன்று மொழிகளின் நடுவில் வளர்கிறார்கள். மொழி கூடியதால் கையைப் பிசையத் தொடங்கிய பிள்ளை அங்கே எதுவும் இல்லை. பேச்சும் கைத்திறனும் ஒன்றாகப் போவது அபாய அறிகுறி. அதைக் கண்டவுடன் பிள்ளையைச் சிறுவர் நரம்பியல் வைத்தியரிடம் அனுப்புவதே கடமை.

குறைபாடு உள்ள பிள்ளைக்கு இரண்டு மொழி பாரமாகும் என்ற எண்ணத்துக்கும் ஆதாரம் இல்லை. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் உள்ள டல்ஹௌசி பல்கலைக்கழகத்தின் எலிசபெத் கே-ரெய்னிங் பேர்ட் குழுவினர் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளை ஆராய்ந்து 2005இல் முடிவை வெளியிட்டார்கள். இருமொழிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஒருமொழிப் பிள்ளைகளைவிடப் பின்தங்கவில்லை. மேலதிகமாக இன்னொரு மொழியும் அவர்களிடம் இருந்தது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பற்றிப் பின்னர் வந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன. இந்த நாட்டின் பேச்சு, மொழிச் சிகிச்சையாளர்களின் ராயல் கல்லூரியே வீட்டு மொழியைக் கைவிடச் சொல்லக்கூடாது என்று தன் உறுப்பினர்களுக்கு வழிகாட்டுகிறது. தங்கள் துறையின் வழிகாட்டலைத் தாங்களே படிக்காதவர்கள் ஒரு தாய்க்கு மொழி பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

ரெட் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு இது இன்னும் கூர்மையான அநியாயம். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு வாய்ப்பேச்சு திரும்பி வருவதில்லை. கைகள் சொன்னபடி கேட்பதில்லை. எஞ்சி நிற்பது காது, கண், தன்னைச் சுற்றிப் பேசப்படுவதை விளங்கிக்கொள்ளும் மனம். அந்த மனத்தில் முதலில் விழுந்த மொழி தமிழ். அதைப் பறித்துவிட்டு, தாய்க்கே சரியாக வராத மொழியில் மூன்று கட்டளைச் சொற்களைக் கொடுத்தால், பிள்ளையின் உலகம் மூன்று சொல்லாகச் சுருங்கிப்போகும்.

கண்டுபிடிக்க முடியாத நோயல்ல

வியன்னாவின் சிறுவர் மருத்துவர் அந்திரேயாஸ் ரெட் 1954இல் தன் காத்திருப்பு அறையில் இரண்டு பெண்பிள்ளைகளைக் கண்டார். தாய்மாரின் மடியில் இருந்த இருவரும் ஒரே மாதிரிக் கை கழுவுவதுபோல் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். அந்த ஒரு பார்வையில் தொடங்கியதுதான் இந்த நோயின் வரலாறு. 1966இல் அவர் எழுதிய கட்டுரை ஜெர்மன் மொழியில் இருந்ததால் உலகம் கவனிக்கவில்லை. 1983இல் சுவீடனின் பெங்ட் ஹாக்பெர்க்கும் கூட்டாளிகளும் 35 பெண்பிள்ளைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பிறகே ரெட்டின் பெயர் நோய்க்கு நிலைத்தது. 1999இல் அமெரிக்காவில் ஹூடா சோக்பியின் ஆய்வுகூடம் எம்.இ.சி.பி.2 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றமே காரணம் என்று கண்டறிந்தது. ஏறத்தாழ 10,000 பெண்பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவில் இது வருகிறது. பிள்ளை முதலில் வழமைபோல் வளரும். பிறகு, பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் பதினெட்டு மாதத்துக்கும் இடையில், வளர்ச்சி மந்தமாகி, கற்றதை இழக்கத் தொடங்கும். அதோடு வலிப்பு, மூச்சுத் தடுமாற்றம், முதுகெலும்பு வளைவு என்று பல வந்து சேரும்.

இன்னொரு ஆண்டையும் அதிகாரிகள் மனத்தில் வைத்திருக்க வேண்டும். 2007இல் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்டின் குழு, இந்த மரபணு முடக்கப்பட்ட எலிகளில் அதை மீண்டும் இயங்கச் செய்தபோது, முற்றிய அறிகுறிகளே பின்வாங்கின. மூளைக் கலங்கள் செத்துப்போகவில்லை, வேலை செய்ய வழியில்லாமல் காத்திருந்தன என்பதற்கு அது சாட்சி. மனிதருக்கான மரபணுச் சிகிச்சைச் சோதனைகள் இப்போது நடக்கின்றன. அவை பலன் தரும் நாள்வரை பிள்ளையின் உடலையும் கவனத்தையும் காத்துவைப்பது பிசியோதெரபியும், ஸ்பீச் தெரபியும், கண் பார்வையால் தெரிவு செய்யும் பயிற்சியும், வலிப்பைக் கட்டுக்குள் வைக்கும் மருந்தும்தான். இவை எல்லாவற்றுக்கும் உரிய நேரம் உண்டு. அந்த நேரத்தைத்தான் “பொறுத்திருங்கள்” என்ற சொல் தின்றுவிடுகிறது.

அறிவும் வசதியும் இல்லாத ஊரில் இது நடந்திருந்தால் விதி என்று ஆறுதல் சொல்லலாம். நடப்பது டூட்டிங்கில். இங்கேதான் செயின்ட் ஜோர்ஜ் வைத்தியசாலை இருக்கிறது. தென்மேற்கு தேம்ஸ் வட்டாரத்தின் மரபியல் சேவை அங்கேதான் இயங்குகிறது. காரணம் தெரியாத வளர்ச்சிக் குறைபாடுகளைத் தேடி, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 24 மரபியல் சேவைகள் வெல்கம் சாங்கர் ஆய்வு நிலையத்தோடு சேர்ந்து நடத்திய பேராய்வில் 13,500க்கும் மேற்பட்ட குடும்பங்கள் பங்குபற்றின. 2023இல் வெளியான முடிவின்படி ஏறத்தாழ 5,500 பிள்ளைகளுக்குக் காரணம் தெரிந்தது. உலகத் தரமான விஞ்ஞானம் பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறது. அங்கே போகும் வாசலில் நின்று, “இரண்டு மொழி அல்லவா, பொறுங்கள்” என்று திருப்பி அனுப்புவதைத்தான் நாம் பொறுக்க மறுக்கிறோம்.

சட்டத்தை மீறுவது யார்?

நோயின் பெயர் தெரிந்தபின் அடுத்த காத்திருப்பு தொடங்குகிறது.

2014ஆம் ஆண்டின் சிறுவர், குடும்பங்கள் சட்டம் தெளிவானது. பிறந்ததிலிருந்து 25 வயதுவரை, சிறப்புக் கல்வித் தேவை உள்ளவருக்குக் கல்வி, சுகாதாரம், பராமரிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்த ஒரு திட்டத்துக்கு அது வழி செய்கிறது. பெற்றோர் வாயில் புழங்கும் பெயர் இ.எச்.சி.பி. பாடசாலை வயது வராத பிள்ளைக்குச் சிறப்புத் தேவை இருக்கலாம் என்று சுகாதார சேவை கருதினால், பெற்றோரிடம் அதைச் சொல்லிப் பேசவும், பின்னர் கவுன்சிலுக்கு அறிவிக்கவும் சட்டத்தின் 23ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. மதிப்பீடு கேட்கும் உரிமையை 36ஆம் பிரிவு பெற்றோருக்கே கொடுக்கிறது. நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்றோ, பாடசாலைதான் விண்ணப்பிக்க வேண்டும் என்றோ சட்டத்தில் எங்கும் இல்லை. திட்டத்தில் எழுதப்பட்ட சிறப்புக் கல்வி உதவியைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று 42ஆம் பிரிவு கவுன்சிலைக் கட்டுகிறது. காசில்லை, ஆளில்லை என்ற சாட்டு அங்கே எடுபடாது.

நடப்பு என்ன? 2021இல் புதிய திட்டங்களில் ஏறத்தாழ 60 வீதம் 20 வாரத்துக்குள் வந்தன. 2023இல் அது 50.3 வீதம். 2024இல் 46.4 வீதம். கல்வி அமைச்சே வெளியிட்ட கணக்கு இது. 2024இல் இங்கிலாந்தில் சட்டப்படி திட்டம் கிடைத்த பிள்ளையைவிடச் சட்டம் மீறப்பட்ட பிள்ளையே அதிகம். ஒரு குடும்பம் கவுன்சில் வரியை 20 வாரம் கட்டாமல் விட்டால் என்ன நடக்கும் என்று டூட்டிங்கில் வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். இறுதி அறிவித்தல் வரும், நீதிமன்ற அழைப்பாணை வரும், செலவும் தலையில் ஏறும். தன் கெடுவைத் தானே மீறும் கவுன்சிலுக்கு எந்த அழைப்பாணை வருகிறது?

இரண்டு வயதுப் பிள்ளை வாழ்ந்தது மொத்தம் 104 வாரம். சட்டம் தரும் 20 வாரமே அந்தப் பிள்ளையின் வாழ்நாளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் நீளும் ஒவ்வொரு வாரமும் பெரியவர்களின் நாட்காட்டியில் ஒரு கட்டம், பிள்ளையின் மூளை வளர்ச்சியில் ஒரு பருவம்.

கவுன்சில்கள் மறுத்ததை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போன பெற்றோரின் கதை இன்னும் வெட்கக்கேடானது. 2022-23 கல்வியாண்டில் தீர்ப்பளிக்கப்பட்ட வழக்குகளில் 98 வீதம் பெற்றோர் பக்கம் முடிந்தன. அடுத்த ஆண்டு பதிவான மேன்முறையீடுகள் ஏறத்தாழ 21,000. நூற்றுக்கு 98 முறை தோற்கும் ஒருவர் வழக்காடுவதை நிறுத்தியிருப்பார். கவுன்சில்கள் நிறுத்தவில்லை. காரணம் இலகுவானது. வழக்குப் போடத் தெரியாத பெற்றோர், ஆங்கிலத்தில் கடிதம் எழுத அஞ்சும் பெற்றோர், இரவு வேலை முடித்து வந்து படிவத்தைப் பார்த்துவிட்டு மூடிவைக்கும் பெற்றோர் தீர்ப்பாயத்துக்கு வருவதில்லை. அவர்களிடம் மிச்சம் பிடித்த காசில் இந்த முறைமை ஓடுகிறது. அந்தப் பெற்றோரில் நம்மவர் எத்தனை பேர்!

காசே இல்லை என்பதும் முழு உண்மையல்ல. தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2024 ஒக்டோபரில் சொன்னபடி, அதிக தேவையுள்ள பிள்ளைகளுக்கான நிதி 2024-25இல் 10.7 பில்லியன் பவுண். பத்தாண்டில் விலைவாசி நீக்கிப் பார்த்தாலும் 58 வீத உயர்வு. அப்படியிருந்தும் பிள்ளைகளின் நிலை சீராக மேம்பட்டதற்கு அடையாளம் இல்லை, இந்த முறைமை இப்படியே நீடிக்க முடியாது என்று அதே அறிக்கை சொன்னது. ஒழுகும் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பவர்கள், தாகத்தோடு நிற்கும் பிள்ளையிடம் தண்ணீர் தட்டுப்பாடு என்று சொல்லக்கூடாது.

இந்த நெருக்கடியைக் காட்டிச் சட்ட உரிமையையே குறைக்கலாம் என்ற பேச்சும் எழுகிறது. அரசுக்கு நேராகவே சொல்கிறோம். பெற்றோர் கையில் மிஞ்சியிருப்பது அந்த உரிமை ஒன்றுதான். சீர்திருத்தம் என்ற பெயரில் அதில் கை வைக்காதீர்கள்.

டூட்டிங் ஒருமுறை கண்டது

இந்த ஊருக்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. பீட்டர் ட்ரூவே என்பவர் டூட்டிங்கில் ஒரு விடுதி நடத்தினார். லண்டனின் ஏழைப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,400 பேரைத் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கி அங்கே அடைத்து வைத்திருந்தார். பிள்ளைகளை அனுப்பிய ஏழைச் சட்டக் காப்பாளர் சபையினர் வந்து பார்த்தார்கள், திருப்தி என்று எழுதிவிட்டுப் போனார்கள். 1848 கடைசியில் வாந்திபேதி வந்தது. சில வாரங்களில் ஏறத்தாழ 180 பிள்ளைகள் இறந்தார்கள். 1849 ஜனவரியில் ‘எக்சாமினர்’ பத்திரிகையில் சார்ள்ஸ் டிக்கன்ஸ் ‘டூட்டிங்கின் சொர்க்கம்’ என்ற தலைப்பில் கொதித்து எழுதினார். ட்ரூவே மீது வழக்கு நடந்தது. அவர் விடுதலையானார்.

அன்றைய கொடுமையையும் இன்றைய தாமதத்தையும் நாம் ஒன்றாக வைக்கவில்லை. இன்று எவரும் பிள்ளைகளைப் பட்டினி போடவில்லை. வைத்தியர்களிலும் தாதியரிலும் ஆசிரியர்களிலும் உயிரைக் கொடுத்து உழைப்பவர்களை நாம் அறிவோம். எச்சரிக்கை வேறிடத்தில் இருக்கிறது. அன்று எல்லாக் கடதாசியும் ஒழுங்காக இருந்தது. பார்க்க வேண்டியவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், கையெழுத்தும் வைத்தார்கள். குரல் இல்லாத பிள்ளைகளின் நிலை மட்டும் அந்தக் கடதாசியில் ஏறவில்லை. இன்றும் கோப்பில் “பெற்றோருக்கு ஆலோசனை வழங்கப்பட்டது” என்று இருக்கும். அந்த ஆலோசனை ஒரு வீட்டையே ஆறு மாதம் ஊமையாக்கியது கோப்பில் இராது.

நமது வீட்டு வாசலும் மூடித்தான் இருக்கிறது

இனி நம்மவரிடம் வருவோம்.

பிள்ளையைப் பார்த்தவுடன் “யார் பக்கத்தில் இப்படி இருந்தது?” என்று கேட்கிறோம். ரெட் சிண்ட்ரோம் மிகப் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. நூற்றில் ஒன்றுக்கும் குறைவான குடும்பங்களிலேயே மீண்டும் வருகிறது. புதிதாக நேரும் மாற்றம் அது, அதுவும் பெரும்பாலும் தந்தை வழி அணுவில் நேர்வது. ஆனால் மாமியார் முதல் பக்கத்து வீட்டார்வரை குற்றம் சாட்டுவது தாயை. கர்ப்பகாலத்தில் என்ன சாப்பிட்டாய், கிரகணத்தில் வெளியே போனாயா, எந்த நேர்த்தியைத் தீர்க்காமல் விட்டாய் என்று குறுக்கு விசாரணை நடத்துகிறோம். கைநடுங்கும் ஒரு பெண்ணை இப்படிக் குடைவது பக்தியும் அல்ல, பாசமும் அல்ல.

பிள்ளைக்கு மூத்த சகோதரி இருந்தால், அவளின் கலியாணம் கெட்டுவிடும் என்று வைத்தியரின் கடிதத்தை அலுமாரியில் பூட்டுகிறோம். பூட்டிய கடிதத்தோடு பிள்ளையின் பராமரிப்புப் படியும் மதிப்பீட்டு விண்ணப்பமும் சேர்ந்து பூட்டப்படுகின்றன. “என்ர மாமாவும் நாலு வயசிலதான் கதைச்சவர்” என்று சொல்லி ஜீ.பி.யிடம் போகவிடாமல் தடுக்கும் வாய், “பொறுத்திருங்கள்” என்ற அதிகாரியின் வாயிலிருந்து எந்த விதத்தில் வேறு?

அப்பர் டூட்டிங் வீதியில் அம்மன் கோயில் உண்டு. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலைகள் உண்டு. மேளச் சத்தத்தில் வலிப்பு வந்த பிள்ளையோடு பின்வாசலால் வெளியேறி, மறுமுறை கோயிலுக்கே போகாமல் விட்ட குடும்பங்கள் லண்டன் முழுவதும் இருக்கின்றன. வாரத்தில் ஒரு மணிநேரத்தை மேளமும் மைக்கும் இல்லாத பூசை நேரமாக அறிவிப்பதற்கு எந்த ஆகமம் தடை? எழுதத் தெரியாத, பேச வராத பிள்ளைக்குத் தமிழ் வகுப்பில் ஒரு கதிரை போட எந்தப் பாடத்திட்டம் தடை? அரங்கேற்றப் படங்களுக்கு முழுப் பக்கம் ஒதுக்கும் நமது பத்திரிகைகள் இந்தப் பிள்ளைகளுக்கு எத்தனை பத்தி ஒதுக்கியிருக்கின்றன? இந்தக் கேள்விக்கு முதலில் தலைகுனிய வேண்டியவர்கள் நாமே. குனிகிறோம்.

விசாவில் இருக்கும் இளம் குடும்பங்களை இன்னொரு பயம் பிடித்திருக்கிறது. அரச உதவி பெறத் தகுதியில்லை என்று விசாவில் இருப்பதால், பிள்ளைக்கு எதைக் கேட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நம்புகிறார்கள். இயலாமைப் படி அந்தத் தடைக்குள் வருவது உண்மை. இ.எச்.சி.பி. வராது. அது கல்வி உரிமை, உதவிப் பணமல்ல. இந்த வேறுபாட்டைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டாத ஒவ்வொரு தமிழ் அமைப்பும் இந்தப் பயத்துக்குப் பங்காளி.

நாம் கோருவது

கண்டனம் திருத்தத்தில் முடிய வேண்டும். ஆகவே இவற்றைக் கோருகிறோம்.

சிறுவர் வளர்ச்சி நிலையங்களும் ஸ்பீச் தெரபிச் சேவைகளும் தங்கள் கோப்புகளைத் திறக்கட்டும். எந்தப் பிள்ளையின் கோப்பில் “வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேச ஆலோசனை” என்ற வரி இருக்கிறதோ, அதை அடித்துத் திருத்தட்டும். அந்த ஆலோசனை தவறு, உங்கள் மொழியில் பேசுங்கள் என்று பெற்றோருக்கு எழுத்தில், தமிழிலேயே, அறிவிக்கட்டும். வாய்ச்சொல்லாகச் சொன்ன மன்னிப்பு இதற்குப் போதாது.

பேசிய பிள்ளை பேச்சை இழந்தால், பிடித்த கை பிடியை இழந்தால், அதே வாரத்தில் சிறுவர் வைத்தியருக்கு அனுப்ப வேண்டும். “இருமொழி வீடு” என்பது எந்த வேளையிலும் தாமதத்துக்குக் காரணமாக எழுதப்படக்கூடாது.

மொழிபெயர்ப்பாளரை இலவசமாகப் பெறுவது பெற்றோரின் உரிமை. ஒன்பது வயது அண்ணனைக் கூட்டி வந்து, தங்கையின் வலிப்பைப் பற்றி வைத்தியர் சொல்வதைத் தாய்க்குச் சொல்லவைக்கும் கொடுமை இன்றே நிற்க வேண்டும். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது என்று என்.எச்.எஸ். வழிகாட்டலே சொல்கிறது. தொலைபேசியில் வருபவருக்கு ‘வலிப்பு’ என்பது நோவு அல்ல, ஃபிட்ஸ் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கவுன்சில்கள் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விண்ணப்பங்களைத் தனியாக எடுத்து, எத்தனை 20 வாரத்தில் முடிந்தன, மற்றவை ஏன் முடியவில்லை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பகிரங்கமாக வெளியிட வேண்டும். டூட்டிங்கின் நாடாளுமன்ற உறுப்பினர் ரோசெனா அல்லின்-கான் ஒரு வைத்தியர். ஒரு வாரத் தாமதம் என்ன செய்யும் என்று அவருக்கு நாம் விளக்கத் தேவையில்லை. இந்தக் கணக்கை அவர் சபையில் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

கோயில்களும் தமிழ்ப் பாடசாலைகளும் மேலே சொன்ன அந்த ஒரு மணிநேரத்தையும் அந்த ஒரு கதிரையையும் இந்த ஆண்டு முடிவதற்குள் கொடுக்க வேண்டும். ஆங்கிலம் தெரிந்த இளையோர், விண்ணப்பக் கடிதம் எழுத வாரம் ஒரு மாலை உட்கார வேண்டும். ஒரு பக்கக் கடிதம்தான். அந்த ஒரு பக்கம் இல்லாததால் ஓராண்டு போன பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள்.

மேசையில் இரண்டு கோப்பை

அந்த மேல்மாடி வீட்டில் நாம் இருந்தபோது பிள்ளைக்குத் தாகம் எடுத்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை, தாய்க்குத் தெரிந்தது. ஒரு கையில் தண்ணீர்க் கோப்பை, மறு கையில் பால் கோப்பை. இரண்டையும் பிள்ளையின் முகத்துக்கு நேரே, ஒரு சாண் இடைவெளியில் பிடித்தார்.

“குஞ்சு, தண்ணியோ? பாலோ?”

பிள்ளையின் கைகள் பிசைந்துகொண்டே இருந்தன. தாய் அசையவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. ரெட் பிள்ளைகளுக்குக் கேள்வி உள்ளே போய்ப் பதில் வெளியே வர நேரம் எடுக்கும். அவசரப்பட்டு மறுபடி கேட்டால் எல்லாம் திரும்பத் தொடங்கும். அரை நிமிடத்துக்கு மேல் போயிருக்கும். பிள்ளையின் கண்கள் பால் கோப்பையில் போய் நின்றன. தாயின் முகத்துக்கு வந்தன. மறுபடி பாலுக்குப் போயின.

“பால்தானே. எனக்குத் தெரியும்.”

மேசையில் ஒரு பெரிய சிவப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் பதிவு செய்த குரல் பேசும் எளிய கருவி. அதில் “எனக்கு இன்னும் வேணும்” என்று தன் குரலிலேயே தாய் பதிந்து வைத்திருந்தார். குடித்து முடித்ததும் பிள்ளையின் முழங்கையைத் தாய் தாங்கிப் பிடிக்க, பிசைந்த கை பிரிந்து பொத்தானில் விழுந்தது. குசினியில் தமிழ் கேட்டது.

பொறுமை என்றால் என்ன என்று அந்தத் தாய்க்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. பிள்ளையின் ஒரு பதிலுக்காக அவர் நாள் முழுவதும் பொறுத்திருக்கிறார். அவரிடம் பொறுமையைக் கேட்க எந்த அலுவலகத்துக்கும் அருகதை இல்லை.

இந்தத் தலையங்கம் அச்சுக்குப் போகும் திங்கட்கிழமை, நாட்காட்டியில் 31ஆவது கோடு விழுகிறது. கவுன்சிலின் பதில் இன்னும் வரவில்லை.